எண்பதாம் நம்பர் உப்புத்தாள்

காலை ஏழு பத்துக்கு டயர் சோதனை.

கண்ணாடிக்கடைக்காரன் ஆறே முக்காலுக்கே பைக்கை வரிசையில் நிறுத்திவிட்டு, பின் டயரை மறைத்தாற்போல் நின்றுகொண்டான். பக்கத்தில் அவன் மனைவியின் தம்பி புதுக் கையுறையை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தான். பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவன். அவனுடைய பிழைப்பு முழுக்க அந்தப் பத்து விரலில்தான் இருந்தது.

"மாமா, இங்க நிக்கிற டயரையெல்லாம் ஒரு சுத்து பாத்துட்டேன். உங்களது மாதிரி ஒண்ணு கிடையாது."

"மெதுவாப் பேசு மாப்ள."

"ஓரம் வரைக்கும் தேஞ்சிருக்கே. என்னுதைப் பாருங்க, கல்யாண வேட்டிக் கரை மாதிரி ரெண்டு பக்கமும் அழுக்குப் படாம இருக்கு."

வளைவில் பைக்கைச் சாய்க்கச் சாய்க்க டயரின் ஓரம் தரையைத் தொடும், தொட்டால் தேயும். சாய்க்கப் பயப்படுகிறவனின் டயரில் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து, இரண்டு ஓரமும் வாங்கினபடியே இருக்கும். மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டின்போது, மலைப்பாதை வளைவுகளில் முழங்கால் உரச உரசப் போன கதைகளைக் கண்ணாடிக்கடைக்காரன் அளந்திருந்தான். மைத்துனன் கை காய்வது தெரியாமல் கேட்பான். கடைசியில் அவனே, பந்தயத் தடத்தில் பைக் ஓட்டக் கற்றுத்தரும் இந்தப் பயிற்சிப் பள்ளியைத் தேடிப் பிடித்து இரண்டு பேரையும் சேர்த்துவிட்டான். "நீங்க ஓட்டறத நேர்ல பாக்கணும் மாமா" என்றான். விண்ணப்பத்தில் கண்ணாடிக்கடைக்காரன் 'தேர்ந்தவர்' என்ற கட்டத்தில் டிக் அடித்தான். கிளம்புவதற்கு முந்தின நாள் கடையைப் பாதி சாத்திக்கொண்டு, கண்ணாடி விளிம்பை மழுக்குகிற உப்புத்தாளால் டயரின் ஓரங்களைத் தேய்த்தான்.

டீச்சர் வந்தாள். எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஐம்பது வயது, ஒட்ட வெட்டிய நரைமுடி, கையில் சாக்குக்கட்டி. ஒவ்வொரு டயரையும் பார்த்து ஒரு வெள்ளைக் கோடு போட்டு நகர்ந்தாள். மைத்துனனின் டயரைப் பார்த்துச் சிரித்தாள். "வெக்கப்படாதீங்க. சாயங்காலம் பாருங்க, இதுல பாதி காணாமப் போயிடும்."

அடுத்து நின்ற கண்ணாடிக்கடைக்காரனின் பைக்கிடம் வந்ததும் குந்தி உட்கார்ந்தாள். கட்டைவிரலை டயரின் ஓரத்தில் ஓட்டினாள். மறுபடி ஓட்டினாள். தாரில் தேய்ந்த ரப்பர் பொடிப்பொடியாகச் சுருண்டு நிற்கும். இதில் நேர்கோடு நேர்கோடாகக் கீறல் விழுந்திருந்தது. மைத்துனன் அந்தப் பக்கம் திரும்பி ஹெல்மெட் வாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"எண்பதா, நூறா?" என்றாள் டீச்சர், தாழ்ந்த குரலில்.

கண்ணாடிக்கடைக்காரனின் காது மடல் சுட்டது. "எண்பது."

அவள் கோடு போட்டாள். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள்.

"இது நம்மோட இருக்கட்டும். ஆனா தேர்ந்தவங்க ஓட்டற மூணாம் குரூப்புக்கு உங்களை விட மாட்டேன். புதுசா வந்தவங்களோட முதல் குரூப்புல ஓட்டுங்க."

தலையாட்டினான். தனக்குக் கிடைத்தது தயவு என்று அவனுக்குத் தெரிந்தது.

கால் மணி நேரத்தில் குரூப் பட்டியல் ஒட்டினார்கள். மைத்துனன் அதைப் படித்துவிட்டு வேகமாக வந்தான்.

"உங்களை என்னோட போட்டிருக்காங்க மாமா. மாத்தி எழுதிட்டாங்க போல. நான் போய்ச் சொல்றேன்."

"நில்லு."

உண்மையைச் சொல்ல நாலு வார்த்தை போதும். அவன் வாயில் வேறு நாலு வந்தன.

"நான்தான் கேட்டு மாத்திக்கிட்டேன். நீ தனியாத் திண்டாடுவியே."

மைத்துனன் ஒரு தரம் பட்டியலைத் திரும்பிப் பார்த்தான்.

"எனக்காகவா?" என்றான். பிறகு, "அக்கா சொல்லும், உங்களுக்குப் பாசத்தை வெளிய காட்டத் தெரியாதுன்னு. சரி, இன்னிக்கு முழுக்க உங்க பின்னாடியே வரேன்."

வகுப்பில் டீச்சர் பலகையில் ஒரு வளைவை வரைந்தாள். "கண்ணு எங்க போகுதோ வண்டி அங்க போகும். வளைவு முடியற இடத்தைப் பாருங்க. முன்னாடி போறவன் முதுகைப் பாக்காதீங்க, அவனே வழி தெரியாமத்தான் போயிட்டிருப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். மைத்துனன் அவன் விலாவில் இடித்தான். "எனக்கு அந்தக் கவலை இல்ல."

முதல் நாலு வளைவுகள் மெதுவாகப் போயின. பின்னால் மைத்துனனின் எஞ்சின் சத்தம் ஒட்டிக்கொண்டே வந்தது. அந்தச் சத்தத்துக்காகக் கண்ணாடிக்கடைக்காரன் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கினான். ஐந்தாவது வளைவு அவன் நினைத்ததைவிட அதிகமாக மடங்கியது. இன்னும் சாய்த்திருந்தால் போதும். டயரில் இடம் இருந்தது. அவன் கண் ஓரத்துப் புல்லுக்குப் போயிற்று. கை பிரேக்கை இறுக்கியது. பைக் நிமிர்ந்து, நேரே புல்லில் இறங்கி, தடதடத்து நின்றது. அவன் விழவில்லை. பின்னால் வந்த சத்தமும் வளையாமல் நேரே வந்தது. பிறகு பட்டென்று அடங்கியது.

முதலுதவி அறையில் ஒரே ஒரு கட்டில். மைத்துனனின் வலது மணிக்கட்டு பந்தாக வீங்கியிருந்தது. நர்ஸ் அட்டை வைத்துக் கட்டிவிட்டு விரல்களை அசைக்கச் சொன்னாள். இரண்டு அசைந்தன. ஆம்புலன்ஸுக்குச் சொல்ல வெளியே போனாள்.

"அக்காகிட்ட நான் பேசிக்கறேன் மாமா. நீங்க வாயைத் திறக்காதீங்க. தப்பு என்னுதுதான். படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க, அப்பவும் உங்க முதுகையே பாத்துட்டு வந்தேன்."

"மாப்ள, நான்..."

"உங்க பிரேக் பிடிச்சுக்கிச்சா? இல்லாட்டி நீங்க புல்லுல இறங்கற ஆளா?"

அவன் தலை ஆடியது. ஆமாம் என்றும் கொள்ளலாம், இல்லை என்றும் கொள்ளலாம். மைத்துனன் ஆமாம் என்று எடுத்துக்கொண்டான்.

"அதானே" என்றான்.

டீச்சர் படிவத்தோடு வந்தாள். சுவரோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நேரத்தை எழுதினாள், வளைவின் எண்ணை எழுதினாள்.

"முன்னாடி போனது யாரு?"

"மாமாதான்" என்றான் மைத்துனன். "ஆனா அவரை ஒண்ணும் சொல்லாதீங்க டீச்சர். மூணாம் குரூப்புல ஓட்ட வேண்டியவரு. நான் தனியாத் திண்டாடக் கூடாதுன்னு உங்ககிட்டக் கேட்டு இறங்கி வந்தாராமே."

பேனா நின்றது. டீச்சர் படிவத்திலிருந்து தலையை நிமிர்த்திக் கண்ணாடிக்கடைக்காரனைப் பார்த்தாள். கட்டிலில் கிடந்தவனும் அவனைத்தான் பார்த்தான், பெருமையாக.

"அப்படியா?" என்றாள் டீச்சர்.