ஆடு மேய்த்த ஆட்டம்

கலைவேந்தன் தான் எழுதிய விளையாட்டு விதிகளை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்தபோது, கடைக்காரர் தாள்கட்டைக் கையில் தூக்கிக் கனம் பார்த்துவிட்டு, "இன்னா சார், சர்வீஸ் கமிஷன் எக்ஸாமா?" என்று கேட்டார். கலைவேந்தனுக்கு அதில் ஒரே பெருமை.

சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனை அவன் வேலை. பிழை எங்கே ஒளிந்திருக்கும் என்று தேடித் தேடிப் பழகியவன். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் மூலக்குளத்து வீட்டு மாடியில் பாய் விரித்து அவன் நடத்திய ஆட்டமும் அப்படித்தான் இருந்தது. ஏரிக்கடியில் மூழ்கிப்போன ஒரு நகரம். அங்கே புதையல் தேடிப் போகிறவர்களாக ஆளுக்கொரு வேஷம். கலைவேந்தன் கதை சொல்வான். மற்றவர்கள் தங்கள் ஆள் என்ன செய்கிறார் என்று சொல்வார்கள். அது நடக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். ஆனால் பகடையைப் போடுவதற்கு முன்னால் ஈரத்துணியின் கனம், காற்றின் திசை, காலையில் சாப்பிட்டது கஞ்சியா இட்லியா எல்லாவற்றையும் கூட்டிக் கழிக்க வேண்டும்.

ஆட வந்தவர்கள் மூன்று பேர். கூட வேலை செய்யும் ஆன்டனி, அவன் மனைவி ஜெசிந்தா மேரி, கலைவேந்தனின் அக்கா விஜயராணி. கணக்கு ஆரம்பித்ததுமே ஆன்டனி தூங்கிவிடுவான். அக்கா போனை நோண்டுவாள். ஜெசிந்தா மட்டும் விதிக்கட்டை வீட்டுக்கு வாங்கிப் போய் வரி விடாமல் படித்தாள். வில்லியனூரில் ஒரு வக்கீலிடம் பத்திரம் டைப் அடிப்பவள் அவள். அடுத்த வாரம் அவள் அத்தனை பணிவாக வந்து உட்கார்ந்ததைப் பார்த்தே கலைவேந்தன் உஷாராகியிருக்க வேண்டும்.

"அண்ணே, இந்த வாட்டி எனக்கு வாள் வேணாம். ஒரு சினையாடு வாங்கிக்கிறன்."

"ஆடு எதுக்கும்மா? நாம ஏரிக்குள்ளதான போறோம்."

"வாங்கக் கூடாதுன்னு விதி இருக்குதா?"

இல்லை. கால்நடை பெருகும் வேகத்துக்கோ ஒரு தனி அத்தியாயமே இருந்தது. ஏரியில் தண்ணீர் வடியட்டும் என்று ஜெசிந்தா கதைக்குள் வருஷக்கணக்காகக் கரையிலேயே காத்திருந்தாள். வடிந்து முடிந்தபோது அவள் பின்னால் ஒரு மந்தை நின்றது.

மூழ்கிய நகரத்தின் கோட்டை வாசலில் ஒரு பூதம் மறித்தது. கூட வரும் எந்த உயிருக்கும் சண்டையில் தனி முறை உண்டு என்று எழுதியவன் கலைவேந்தன்தான். ஒவ்வோர் ஆட்டுக்கும் பசி பார்த்து, குளம்பின் ஈரம் பார்த்து, காற்றுக்குக் கழித்துக்கொண்டு வந்ததில் டீ ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது.

"ஏம்மா, ஆட வந்தியா, ஆடு மேய்க்க வந்தியா?"

"உங்க விதிப்படிதாண்ணே மேய்க்கிறன்."

ஆன்டனி கண் விழித்து, "பூதம் செத்துச்சா?" என்றான்.

"இன்னும் செவலை ஆட்டு முறையே வரலங்க. நீங்க தூங்குங்க."

கலைவேந்தனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு விதிக்கட்டு இல்லை, ஒரே ஒரு வரி. "இன்னா வேணா செய்ங்க. டைஸ்ல நாலோ அதுக்கு மேலயோ வுழுந்தா நடக்கும்."

ஜெசிந்தா அந்த நகரத்து ராஜாவிடம் கஜானா சாவியைக் கேட்டாள். ஐந்து. கிடைத்தது. ஆன்டனி பூதத்தைச் சித்தப்பா முறை ஆக்கிக்கொண்டான். ஆறு. விஜயராணி மூழ்கிய நகரத்தையே தூக்கி வந்து தங்கள் தெருமுனையில் வைத்தாள். வடை சூடு ஆறவில்லை, ஆட்டம் முடிந்துவிட்டது.

"அடுத்து இன்னாடா?" என்றாள் அக்கா.

"ஒண்ணும் இல்லக்கா. எல்லாம் கெடச்சிருச்சே."

நால்வரும் பாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜெசிந்தாவுக்கே சப்பென்று இருந்தது.

அந்த வாரம் கேன்டீனில் கலைவேந்தன் மனம்விட்டுக் கேட்டான். ஆன்டனி யோசித்துச் சொன்னான்: "மச்சான், பழைய ஆட்டத்துல ஒரே ஒரு வாட்டி நான் தூங்கல. சொரங்கத்துல தண்ணி ஏறிச்சே, மூச்சு கொறைய கொறைய நீ தீக்குச்சிய ஒவ்வொண்ணா எடுத்துனே இருந்த. நெஞ்சு திக்குதிக்குனு அடிச்சுக்கிச்சு."

"அது விதியே இல்லடா. அன்னிக்கு மூச்சுக் கணக்கு போடப் பேனா எழுதல. அதான் தீக்குச்சி வெச்சன்."

"விதியோ இன்னாவோ. பயமா இருந்துச்சு, நல்லா இருந்துச்சு."

கலைவேந்தன் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். பயம் வருகிற இடத்துக்கு மட்டும்தான் விதி வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. காற்றும் கஞ்சியும் எக்கேடு கெட்டுப் போகட்டும்.

மறு ஞாயிறு, பழைய ஒற்றை வரியோடு இன்னொன்றையும் சேர்த்தான். பகடை போடும் முன்பே, தோற்றால் என்ன போகும் என்பதை அவன் சொல்லிவிடுவான்.

ஜெசிந்தா உடனே சோதித்துப் பார்த்தாள். "ராஜாகிட்ட அவரு சிம்மாசனத்தையே கேக்கறன்."

"தாராளமா கேளும்மா. தோத்தா உன் மந்தைய அரண்மனைல பிரியாணி போட்ருவாங்க."

பகடையை எடுத்த கை அப்படியே நின்றது. "செவலையுமா?"

"செவலைதான் மொதல்ல."

ஆன்டனி நிமிர்ந்து உட்கார்ந்தான். ஜெசிந்தா உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "ராஜாவ அப்புறம் பாத்துக்கலாம். அரண்மனைச் சமையல்காரன் பேரு இன்னா?"

கலைவேந்தன் சமையல்காரன் என்று ஒருவனை யோசித்ததே இல்லை. "மாரிமுத்து" என்றான் வாய்க்கு வந்தபடி.

"அவருக்குப் பொண்ணு இருக்குதா?"

"...இருக்குது."

"ஏங்க, நீங்க பொண்ணு பாக்க வந்த மாப்பிள மாதிரி அடுப்பங்கரைக்குள்ள போங்க. நான் பின்னாடி வழியா ஆட்ட ஓட்டிக்கினு சிம்மாசனம் வரைக்கும் போயிடறன்."

"பொண்டாட்டியே சொல்லிட்டா" என்று ஆன்டனி பகடையை எடுத்தான். இத்தனை வாரத்தில் அவன் முகத்தில் இவ்வளவு வெளிச்சத்தை யாரும் பார்த்ததில்லை.

"தோத்தா இன்னாடா?" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அக்கா கேட்டாள்.

"தோத்தா, கல்யாணம்."

ஜெசிந்தா எட்டிப் பிடிப்பதற்குள் பகடை உருண்டுவிட்டது. இரண்டு.

அன்று முழுக்க ஆட்டத்தில் கல்யாண வேலைதான். தாலி கட்டும் நேரத்தில் ஜெசிந்தா பந்தல்காலைச் சாய்க்கப் பார்த்தாள், பூசாரியைக் கடத்தப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் தோற்றால் என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு, விரலைக் கடித்துக்கொண்டே பகடை போட்டாள். ஒரு முறைகூடப் பகடை நாலைத் தொடவில்லை. மாப்பிள்ளை ஆன்டனி மாலையும் கழுத்துமாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

பொழுது சாய்ந்ததும் கலைவேந்தன் மாடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தான். ஆன்டனி பைக்கைக் கிளப்பினான். பின்னால் ஏறிய ஜெசிந்தா அவன் தோளைத் தொடாமல் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த வாரம் வருவாளாடா?" என்றாள் விஜயராணி.

"வருவாக்கா" என்றான் கலைவேந்தன். "விவாகரத்துக்கு இன்னா விதின்னு இப்பவே கேட்டுட்டுதான் போறா."