மீன் வாடை

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிரிட்ஜுக்குள் இருந்தவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள் மரியபுஷ்பம். பால் சொம்பு, தோசை மாவு, கணவரின் இன்சுலின் புட்டி, பக்கத்து வீட்டுக் குர்ஷித் பேகம் முந்தின நாள் வைத்துவிட்டுப் போன மீன் குழம்புக் கிண்ணம். புட்டியை மட்டும் ஈர மணல் போட்ட கலயத்துக்குள் பத்திரமாக இறக்கினாள்.

கூடத்துக் கட்டிலில் சூசைமுத்து கண்ணை மூடிக் கிடந்தார். மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். தன் நாட்டுக்குத் திரும்பிய டாக்டரம்மா, மருந்து கெடாமல் இருக்கட்டும் என்று இந்தப் பெட்டியை அவருக்கே கொடுத்துவிட்டுப் போனார். தெருவில் வேறு யாரிடமும் பிரிட்ஜ் இல்லை. ஆளாளுக்கு எதையாவது கொண்டுவந்து வைப்பார்கள். அவரும் வேண்டாமென்று சொன்னதில்லை. இப்போது சிறுநீரகமும் கெட்டு, டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். குளிர்ந்த தண்ணீர் ஒன்றுதான் தொண்டையில் இறங்கியது.

அன்று விடிந்ததும் அதையும் துப்பிவிட்டார்.

"மீன் வாடை அடிக்குது புஷ்பம்."

"நாளைக்குக் கழுவுறேங்க. ராத்திரி பூரா கண்ணு மூடல."

"இன்னைக்கே கழுவிரு. கொமட்டுது."

ஐஸ் அறையைச் சுற்றிப் பனி கல்லாக இறுகியிருந்தது. சீக்கிரம் முடித்தால் போதும் என்று அரிவாள்மனைக்குப் பக்கத்தில் கிடந்த கத்தியை எடுத்தாள்.

சத்தத்திலேயே தெரிந்துகொண்டார். "கத்தி வேணாம். குழாய்ல ஓட்டை விழுந்தா கேஸு போயிரும். வெந்நி வையி, தானா விட்டுரும்."

வெந்நீர்க் கிண்ணத்தை உள்ளே வைத்துவிட்டு, திறந்த கதவோரம் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். பனிப்பாளம் பொத்தென்று விழுந்தபோது விழிப்பு வந்தது. ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் துணியை நனைத்துத் தட்டுகளைத் துடைத்தாள்.

"கதவு ரப்பரத் தொடச்சியா? மடிப்புக்குள்ள அழுக்கு நிக்கும்."

"தொடைக்கிறேன், தொடைக்கிறேன்." குரலில் சலிப்பு தெரிந்தது.

மடிப்பு மடிப்பாக விரலை விட்டுத் துடைத்தாள். அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. உள்ளே ஈரம் காயட்டும் என்று கதவைத் திறந்தே போட்டுவிட்டு, பானைத் தண்ணீரை டம்ளரில் மொண்டு வந்தாள்.

"இதக் குடிங்க. இதுல வாடை இருக்காது."

ஊற்றிய தண்ணீர் கடைவாய் வழியாகத் தலையணையில் இறங்கியது.

மத்தியானப் பஸ்ஸில் ஆத்தூரிலிருந்து அவருடைய அக்கா செபாஸ்தியம்மாள் வந்து சேர்ந்தாள். தம்பியின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். கோயம்புத்தூரிலிருந்து மகன் பாக்கியராஜ் வந்தால்தான் அடக்கம். தந்தி போயிருந்தது. அவன் வர மறுநாள் காலையாகிவிடும். சித்திரை வெயிலில் கூடம் கொதித்தது.

"வீட்டுல ஐஸ் இருக்குமே, அதையாச்சும் நெஞ்சு மேல வைங்க," என்று எழுந்துபோய்ப் பிரிட்ஜைப் பார்த்தாள் செபாஸ்தியம்மாள். உள்ளே வெள்ளை வெளேரென்று காலியாக இருந்தது. ஐஸ் தட்டுகள் கவிழ்ந்து கிடந்தன.

"பொட்டு ஐஸ் இல்ல! இன்னைக்கிப் போயா இதக் கழுவுன?"

மரியபுஷ்பம் அவர் நெற்றியில் உட்கார்ந்த ஈயை விரட்டினாள்.

"மனுசன் சாகக் கெடந்தான். பக்கத்துல உக்காந்து கையப் புடிக்காம பொட்டி கழுவிக்கிட்டு இருந்திருக்கா."

ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் ஒரு மணியோடு நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள். வாசல் நிலையைப் பிடித்தபடி குர்ஷித் பேகம் நின்றிருந்தாள். அவள் புருஷன் அப்பாஸ் ஐஸ் பேக்டரிக்குச் சைக்கிளை மிதித்துப் போயிருந்தார். பேகத்தின் பார்வை அடுப்படித் தரையில் கவிழ்த்து வைத்திருந்த தன் கிண்ணத்தின் மேல் போனது.

"அக்கா," என்று மெதுவாக உள்ளே வந்தாள். "கொழம்பு வாடை அடிச்சுச்சா? அதுக்கா கழுவுனீங்க? அண்ணனுக்கு மீன் வாடை ஆகாதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

மரியபுஷ்பம் அவளை நிமிர்ந்து பார்த்தாள். நாத்தனார் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அதெல்லாம் இல்ல பேகம். ஐஸ் கட்டிப்போச்சு. நானாத்தேன் கழுவுனேன்."

"கேட்டுக்கங்க," என்றாள் செபாஸ்தியம்மாள் பொதுவாக. ஜெபமாலை மறுபடி தொடங்கியது.

அப்பாஸ் மரத்தூள் ஒட்டிய ஐஸ் பாளத்தைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். இரண்டு ஆண்கள் அதை உடைத்துக் கட்டிலுக்கடியில் அண்டாவில் வைத்தார்கள். பாக்கியராஜ் காலையில் வந்து இறங்கினான். வெயில் ஏறுமுன் கல்லறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஆட்கள் திரும்பியபோது பேகம் சோறும் ரசமும் வாழைக்காய்ப் பொரியலும் அனுப்பியிருந்தாள். செபாஸ்தியம்மாளுக்கு அழுது குரல் கட்டியிருந்தது. எல்லோருக்கும் அவளே பரிமாறினாள். மரியபுஷ்பத்தின் முன்னாலும் ஒரு தட்டை வைத்தாள்.

"ரெண்டு வாயாச்சும் தின்னு."

சோற்றிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. மரியபுஷ்பம் பிசைந்தாள். முதல் வாய் நாக்கைச் சுட்டது. நிறுத்தாமல் சாப்பிட்டாள். தலை நிமிராமல் தட்டின் ஓரம்வரை வழித்துச் சாப்பிட்டாள். ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள்.

செபாஸ்தியம்மாள் கரண்டியோடு தயங்கி நின்றாள். "இன்னங் கொஞ்சம் போடவா?"

மரியபுஷ்பம் தட்டை நீட்டினாள்.