தோட்டத்துக் கற்கள்

பெயிண்ட் கடையில் கலர் கலக்குகிறவளுக்குத் தின்னர் என்பது கைகண்ட மருந்து. கையில் ஒட்டின பெயிண்டா, தின்னர். கதவுப் பிடியில் பிசுக்கா, தின்னர். சைக்கிள் செயின், சுவிட்ச் போர்டு, மேசை மேல் விழுந்த பசை, எதுவானாலும் துணியில் கொஞ்சம் தின்னரைத் தொட்டு ஒரு தேய்ப்பு. கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் 'கலரக்கா' என்று கூப்பிடும் நம் ஆளுக்கு உலகத்து அழுக்குக்கெல்லாம் மருந்து அது ஒன்றுதான். அந்தப் பழக்கதோஷத்தில், வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தவள், வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்து, உள்ளே திரைக்குப் படம் வரைந்து அனுப்பும் கிராபிக்ஸ் கார்டின் மேல் இருந்த குட்டி விசிறியையும் தின்னர் போட்டுத் துடைத்துவிட்டாள்.

பிளாஸ்டிக்குக்குத் தின்னர் எமன் என்று ஊருக்கே சொல்கிறவள்தான் இவள். புத்தி எங்கே மேயப் போனதோ! இறக்கைகள் இளகி ஓரத்தில் ஒட்டிக்கொண்டன. அது தெரியாமல் சுவிட்சைப் போட்டாள். விசிறி சுற்றவில்லை, கார்டு கொதித்தது, திரையில் கோடு கோடாக ஓடியது, அப்புறம் ஒரே இருட்டு.

"அண்ணி, என்ன நாத்தம் இது?" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தாள் நாத்தனார். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள், கல்யாணம் ஆகாதவள், வாய் சும்மா இருக்காதவள். திறந்து கிடந்த பெட்டியையும் அண்ணி கையிலிருந்த துணியையும் பார்த்தாள். "ஐயையோ, அதுக்கும் பெயிண்ட் அடிச்சிட்டீங்களா?"

"வாயை மூடுடி" என்றாள் கலரக்கா. அதற்குமேல் பேசினால் அழுதுவிடுவாள்.

ஒரு விளையாட்டு ஓடவில்லை, அவ்வளவுதானே, அதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள், சொல்கிறேன்.

அவள் புருஷன் கடல் தாண்டி ஒரு குளிர்க்கிடங்கில் வேலை செய்கிறான். தங்குவது பொது அறையில். அடுக்குக் கட்டில்கள், எந்த நேரத்திலும் இரவு வேலை முடித்த யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள், வாய்விட்டுப் பேச முடியாது. வெளியே நின்று போனில் பேசினால் பாதியில் சண்டை வந்துவிடும். தூரத்துக்கு அப்படியொரு புத்தி. ஆசையாகத்தான் ஆரம்பிப்பார்கள், 'சாப்பிட்டியா' என்பதற்குள் ஏதாவது குத்தல் நுழைந்துவிடும்.

அதனால் அவன் போகும்போது ஒரு விளையாட்டைக் காட்டிக்கொடுத்துப் போனான். வெறும் நிலம். அதில் யார் வேண்டுமானாலும் வீடு கட்டலாம், செடி நடலாம், ஆளுக்கொரு பொம்மை உருவமாக நடக்கலாம், பேச்சைத் தட்டி அனுப்பலாம். இவளுடைய கம்ப்யூட்டரில் நல்ல கார்டாகப் பார்த்து மாட்டிவைத்தவனும் அவனே. "உங்களுக்கு?" என்று கேட்டதற்கு, "அங்க ஒருத்தன்கிட்ட லேப்டாப் வாங்கிக்குவேன், உன்னோடதைவிடச் சூப்பரா இருக்கும்" என்றான். அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் இருவரும் அந்த நிலத்தில் இருப்பார்கள். வாடகை வீட்டைத் தவிர வேறு வீடு அறியாத இரண்டு பேர் சுவர் வைத்தார்கள், கூரை போட்டார்கள். சுவர் அவன் பொறுப்பு. தோட்டம் இவளுடையது.

தோட்டமென்றால் தோட்டம்! கடையில் ஆயிரம் பேருக்குச் சுவர்க் கலர் கலந்து கொடுத்தவள் தன் கையிருப்பையெல்லாம் அங்கே கொட்டினாள். ஒவ்வொரு வாரமும் அவன் முதலில் கேட்பது, "இன்னிக்கு எங்க நட்ட? என்ன கலரு?" என்பதுதான். இவளும் இடம் காட்டி, 'வெள்ளையில ஒரு துளி மஞ்சளை விட்டு, கலக்காம நிறுத்தின மாதிரி' என்று வக்கணையாகச் சொல்வாள். அவன், "ஆகா, என்ன அழகு!" என்பான்.

ஆனால் அந்த மனுஷனிடம் ஒரு கெட்ட பழக்கம். இவள் எங்கே நடுகிறாளோ அதை ஒட்டி ஒரு கருங்கல்லைக் கொண்டுவந்து வைத்துவிடுவான். பாத்திக்குப் பாத்தி கல். சோற்றில் கல் கிடந்தால் எப்படி இருக்கும், அப்படி. "ஏங்க இது?" என்றால், "சும்மா, ஒரு அழகுக்குத்தான்" என்பான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், ஒருநாள் புதிதாக நீலப் பூ போட்ட பாத்தியின் கற்களை மட்டும் பிடுங்கி எறிந்தாள். அந்த விளையாட்டில் இளஞ்செடியை மிதித்தால் பட்டுப்போகும். போன ஞாயிறு அவன் வந்தான். வந்தவன் நேராக அந்த நீலப் பாத்தி மேலேயே நடந்து வந்தான், ஒரு செடி விடாமல்.

இவள் போனையே எடுத்துவிட்டாள். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? எத்தனை வாரமா வளர்த்தேன்! வேணும்னே மிதிச்சீங்கதானே?"

"இல்லம்மா... கவனிக்கல."

"கவனிக்க மாட்டீங்க. எதைத்தான் கவனிச்சீங்க? இனிமே அந்த வீட்டுப் பக்கமே நான் வரமாட்டேன், போங்க!"

அவன், "ஒப்பந்தம் முடியுது. இன்னொரு தடவை போடச் சொல்றாங்க. அடுத்த திங்கள் பதில் சொல்லணும். நீ என்ன சொல்ற?" என்றான்.

வந்துடுங்க. அந்த ஒரு வார்த்தைதான் அவள் நெஞ்சுக்குள் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்தது. பக்கத்துத் தலையணையைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்திருக்கும் ஒவ்வொரு காலையிலும் அந்த வார்த்தைதான். ஆனால் கோபம் முந்திக்கொண்டது. "உங்க இஷ்டம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

வாரம் முழுக்கத் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். இந்த ஞாயிறு முதல் ஆளாகப் போய் வாசலில் நிற்கவேண்டும், அந்த வார்த்தையைச் சொல்லிவிடவேண்டும் என்று முடிவு செய்தாள். போன வாரமே கம்ப்யூட்டர் இரைந்தது. நடுவில் நின்று தொலைக்கக்கூடாதே என்றுதான் திறந்து சுத்தம் செய்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை இதுதான்.

"போன்ல சொல்லிடுங்களேன் அண்ணி, கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னு" என்றாள் நாத்தனார்.

"நம்புவாரா? முன்னாடி ஒருதரம் கோவத்துல போகாம இருந்துட்டு, கரண்டு இல்லன்னு புளுகினேன். உங்கண்ணன் கண்டுபிடிச்சிட்டாரு. இப்ப இதைச் சொன்னா, வரமாட்டேன்னு சொன்னவ சாக்கு சொல்றான்னுதான் நினைப்பாரு. திங்கக்கிழமை கையெழுத்துப் போட்டுடுவாருடி."

மறுநாள் பெட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனாள். ரிப்பேர்க்காரருக்கு 'சங்கு' என்று பட்டப்பெயர். எந்த மெஷினைக் கொண்டுபோனாலும் பார்த்த உடனே "இதுக்குச் சங்குதான்" என்பார். பாதியைப் பிழைக்கவும் வைத்துவிடுவார்.

கார்டைக் கழற்றி மூக்கருகே வைத்தார். "என்னம்மா, பெயிண்ட் கடையே உள்ள இருக்கு?"

"தின்னர்ண்ணே."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். திட்டவில்லை. அது திட்டியதைவிட மோசமாக இருந்தது. "இதுக்கு நிஜமாவே சங்குதான். இந்த மாடல் இப்ப வர்றதில்ல. ஒத்துப்போற வேற கார்டு தேடி எடுக்க ஒரு வாரம் ஆகும்."

"நாளைக்கே வேணும்ணே."

"நாளைக்கு வேணும்னா கார்டு இல்லாமதான் ஓட்டணும். மெயின் போர்டுலயே சின்னதா ஒரு கிராபிக்ஸ் இருக்கு. பில்லு போடலாம், படம் பாக்கலாம். விளையாட்டுக்குத் தாங்காது" என்றபடியே திரையின் வயரைப் பின்னால் வேறு துளையில் செருகினார். திரை உயிர்த்தது. விளையாட்டைத் தட்டினாள். 'இந்த விளையாட்டுக்கு வேண்டிய கிராபிக்ஸ் திறன் இந்தக் கருவியில் இல்லை' என்று எழுத்து வந்து நின்றது. இன்னொரு தடவை தட்டினாள். அதே எழுத்து. அவள் நகரவில்லை. பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

சங்குக்கு என்ன தோன்றியதோ, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "சரி, விளையாட்டோட செட்டிங்ஸுக்குள்ள போய்ப் பாப்போம். ஒவ்வொண்ணா கழட்டி விட்டா ஒருவேளை ஓடும். நிழல் வேணுமா?"

"வேண்டாம்."

"தண்ணி அசையணுமா?"

"வேண்டாம்ணே."

"செடி, கொடி, புல்லு? அதுதான் ரொம்ப பாரம்."

அவளுடைய அத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அதில்தான் இருந்தன. "ஆள் தெரிவாரா?" என்று கேட்டாள்.

"ஆள் தெரிவாரு. சுவர், கல்லு, ஆளு, அவ்வளவுதான் தெரியும்."

"அப்ப எடுத்துடுங்க."

ஓடியது. ஆனால் விதி யாரை விட்டது? ஞாயிறு மத்தியானம் வீட்டில் திறந்தபோது, விளையாட்டு தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு, சங்கு கழற்றியதையெல்லாம் திரும்ப மாட்டி வைத்திருந்தது. மறுபடி அதே எழுத்து. 'நாசமாப் போக' என்று அதை வாயாரத் திட்டினாள். பிறகு, அவர் செய்ததை நினைத்து நினைத்து, செட்டிங்ஸுக்குள் போய்த் தானே ஒவ்வொன்றாக அணைத்தாள். நிழல். தண்ணீர். கடைசியில் செடி. படத்தின் அளவையும் கையகலத்துக்குச் சுருக்கினாள். ரொம்ப நேரம் முக்கி முனகிவிட்டு, விளையாட்டு திறந்தது.

அவன் வாசலில் நின்றிருந்தான். எப்போது வந்தானோ.

நிலம் மொட்டையாக, மழுங்கிய பழுப்பு நிறத்தில் கிடந்தது. ரோஜா வேலி இல்லை, மஞ்சள் பாத்தி இல்லை, கொடி இல்லை. கல் மட்டும் இருந்தது. முதலில் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது: பூவெல்லாம் போய் இந்தக் கல்தானா மிச்சம்! ஆனால் கலர் பிரித்துப் பழகிய கண், பார்க்காமல் இருக்குமா? இந்த வளைவில் இருப்பது ரோஜாவின் ஓரம். அந்த வட்டம் மஞ்சள் பாத்தி. சுவரோரம் வரிசையாகப் போவது கொடி. அவள் நட்ட ஒவ்வொரு செடியின் எல்லையும் பிசகாமல் அங்கே கல்லில் இருந்தது. நீலப் பாத்தி இருந்த இடத்தில் மட்டும் கல் இல்லை. அவள்தானே பிடுங்கி எறிந்தாள்.

தட்டினாள்: "இன்னிக்கு எனக்குப் பூ ஒண்ணும் தெரியல."

பதில் வந்தது.

"உனக்குமா?"

கலரக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டாள்.

"முதல்லேர்ந்தே. லேப்டாப் ஓட்டை. அதுல செடியை அணைச்சாத்தான் ஓடும். மிதிச்சிடக்கூடாதுன்னுதான் கல்லு வச்சேன். நீ எடுத்தது தெரியல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ நடறத நிறுத்திடுவ. நீ கலர் சொல்லுவியே, அதைக் கேட்டு நானே பாத்துக்குவேன்."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. 'கண்ணு பொடனியிலயா' என்று கேட்டோமே, பாவி, அந்த வாயை என்ன செய்வது! இத்தனை காலமும் இந்த மொட்டை நிலத்தில் நின்றுகொண்டுதான் அந்த மனுஷன் 'ஆகா, என்ன அழகு' என்று சொன்னான்.

அவன் தட்டினான்: "நாளைக்குப் பதில் சொல்லணும். உன் பதில் அந்த 'உங்க இஷ்டம்'தானா?"

"இல்ல. இது என் இஷ்டம். வந்துடுங்க."

அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்திருந்தாள். கீழே எழுத்து வந்தது: "கையெழுத்துப் போடல. வந்துடறேன்." அப்புறம் அந்த உருவம் வாசலை விட்டு இறங்கி அவளை நோக்கி நடக்கத் தொடங்கியது. நேராக வந்தால் நாலே எட்டு. அவன் நேராக வரவில்லை. ஒவ்வொரு கல்லையும் சுற்றி, ஒதுங்கி, ஓரமாகக் கால் வைத்து வந்தான். நீலப் பாத்தி இருந்த இடத்தையும் சுற்றிக்கொண்டுதான் வந்தான்.

நாத்தனார் பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணி இது, ஒண்ணுமே இல்லாத பொட்டல்ல அண்ணன் எதுக்கு இப்படிச் சுத்திச் சுத்தி வர்றாரு?"

"செடி இருக்குடி" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.