ஏழு தண்ணீர்

“அம்மா, ஏசப்பாக்கு மண்ணெண்ண மணம் தெரியாதா?”

ஐந்து வயது பிளஸ்ஸி அடுப்படியில் நின்று இப்படிக் கேட்டபோது, ஜெயபாய் பிடியரிசிக் கலயத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று எடுத்துவைப்பது அந்தச் சபைப் பெண்களின் வழக்கம். மாதக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும்; அங்கிருந்து இல்லாத வீடுகளுக்கு. அந்த மாதம் ஜெயபாய் பல நாள் மறந்துவிட்டிருந்தாள். ரேஷன் கடையிலிருந்து வரும் வழியில் ஆட்டோவில் மண்ணெண்ணெய் கேன் சாய்ந்து அரிசிச் சாக்கு நனைந்திருந்தது. கோழிக்குப் போட்டுப் பார்த்தாள், கொத்தவில்லை. எறியவும் மனம் வராமல் அதைக் கலயத்தில் கொட்டினாள்.

“கோழி திங்காதத ஏசப்பா தின்னுவாரா?”

“வாய மூடுட்டி. ஓய்வுநாள் பள்ளியில இதத்தான் படிச்சியா?”

அந்த ஞாயிறு, அதிக அரிசி கொண்டுவந்தவள் என்று ஆராதனையில் ஜெயபாயின் பெயரை வாசித்தார்கள். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

ஊரெல்லாம் சிக்கன்குனியா பரவிய வருடம் அது. பத்து நாளில் அவளும் விழுந்தாள். விரல் மடங்கவில்லை, டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. கணவன் ஞானையன் மார்த்தாண்டத்தில் கடை வேலைக்குப் போனால் விளக்கு வைத்தபிறகுதான் திரும்புவான். பயந்து யாரும் எட்டிப் பார்க்காத வீட்டுக்குள், மூன்றாம் நாள், பக்கத்து வீட்டுப் பூங்கனி தூக்குப் பாத்திரத்தோடு வந்தாள். தனிக்கட்டை. அண்டியாபீஸில் முந்திரிக் கொட்டை உடைத்துக் கறுத்துப்போன விரல்கள். அவளும் அதே காய்ச்சலில் கிடந்து எழுந்தவள்தான். காலை இழுத்து இழுத்து நடந்தாள்.

“பேருதான் சிக்கன்குனியா. கோழியெல்லாம் கெடையாது மக்கா, கஞ்சிதான். எழும்பு.”

தலையைத் தாங்கிப் பிடித்து ஊட்டினாள். முதல் வாயிலேயே ஜெயபாயின் நாக்கு அறிந்துகொண்டது. உப்புக்கும் தேங்காய்த் துவையலுக்கும் அடியில், மிக மெல்லியதாக, அந்த மணம்.

“கோயில்ல தந்த அரிசியாக்கும். ஆரோ பாவம், தெரியாம மண்ணெண்ண பட்டதத் தந்திருக்கு. ஏழு தண்ணி களைஞ்சு காயப்போட்டேன். இப்ப மணம் உண்டா?”

“இல்லக்கா.”

வாசலில் நின்ற பிளஸ்ஸி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரல்கள் மடங்கத் தொடங்கிய பிறகும் ஜெயபாய்க்கு அந்தப் பேச்சு மட்டும் இறங்கவில்லை. ஆரோ பாவம், தெரியாம. திருவிருந்து ஞாயிறன்று சொல்லிவிடுவதென்று தீர்மானித்தாள். மனதில் இதை வைத்துக்கொண்டு அப்பத்துக்குக் கை நீட்ட முடியாது. கோயில் வாசலில் காத்து நின்றாள். பூங்கனி வந்ததும் அவளே முந்திக்கொண்டு ஜெயபாயின் கையைப் பிடித்தாள்.

“ஏட்டி, காய்ச்ச நேரத்துல நான் வல்லதும் மொகம் முறிச்சுப் பேசியிருந்தாப் பொறுத்துக்கிடு. திருவிருந்து எடுக்கதுக்கு முன்ன கேக்கணும்லா.”

ஜெயபாய் வாயைத் திறந்தாள். மணி அடித்தது. பூங்கனி முன்னால் போய் சிரமப்பட்டு முழங்காலிட்டாள். ஜெயபாய் பெஞ்சிலேயே இருந்துவிட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை பூங்கனி வேலைக்கிடையில் மயங்கிச் சரிந்தாள். ஆஸ்பத்திரி சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கத்துக்குப் பின் பெண்கள் அந்த வீட்டை ஒதுக்கியபோது, அடுப்படி மூலையில் மூடி போட்ட டின் ஒன்று இருந்தது. உள்ளே வெள்ளை ரேஷன் அரிசி. களைந்து, உலர்த்தி, கல் பொறுக்கி வைத்தது. ஜெயபாய் அதை முந்தானையால் மூடி வீட்டுக்கு எடுத்துவந்தாள்.

பிளஸ்ஸி பள்ளிக்கும் ஞானையன் கடைக்கும் போன பிறகு, மத்தியானங்களில் அந்த டின்னைத் திறப்பாள். அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனக்கு மட்டும் கஞ்சி வைப்பாள். வீட்டுக்கென்று வாங்கிய சிவப்புச் சம்பாவில் அதே அளவு ஒரு பிடி, கலயத்துக்குப் போகும். கஞ்சியில் மணம் இருந்ததா இல்லையா என்று அவளால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஒரு பருக்கையும் மிச்சம் வைக்கவில்லை.

டின் காலியான அன்று அதை ஏழு முறை கழுவி, வெயிலில் கவிழ்த்துவைத்தாள். காய்ந்ததும் எடுத்துவந்து, கதவைச் சாத்திவிட்டு, அதற்குள் முகத்தை வைத்து மூச்சை இழுத்தாள்.