எண்பது சென்டிமீட்டர்

ஜெயம்மாவின் கட்டைவிரலை மையில் அழுத்திக்கொண்டிருந்தான் மாணிக்கம். பக்கத்தில் அவள் புருஷன் தாமோதரன், நெற்றியில் ஒற்றைக் காசோடு கிடந்தான். மாணிக்கத்தின் படகில் பதினோரு வருடம் உழைத்தவன். சாவு விழுந்தால் லைட்ஹவுஸ் குப்பத்தில் எந்தப் படகும் இறங்காது. இறால் போகிறதே என்கிற எரிச்சலை மறைக்கக்கூட அந்தப் படகுக்காரனுக்குத் துப்பில்லை.

தாமோதரன் குடித்துவிட்டுத் தானே விழுந்து செத்தான் என்றது காகிதம். கைநாட்டு வைக்காவிட்டால் போலீஸ் வந்து உடம்பை அறுக்கும் என்று மிரட்டியிருந்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இந்த மகராசனுக்கு ஒரு பிடிச் சோறு போதும்!

மகள் அனிதா அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பொன்னேரியில் இயற்பியல் படிக்கிறவள்.

நடந்தது ஊருக்கே தெரியும். வலைக்கூடத்து உத்தரத்தில் கயிறு கட்டி இன்ஜினைத் தொங்கவிட்டு, மாணிக்கம் அதைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்திருந்தான். தாமோதரன் கீழே குனிந்து கட்டை அடுக்கினான். போன் அடித்தது, மாணிக்கத் துரை கையை விட்டுவிட்டார். இன்ஜின் சும்மா ஆடிவந்து லேசாகத் தொட்டது, குடிகாரன் தாங்கவில்லை என்று காலையிலிருந்து அளந்துகொண்டிருக்கிறார். தாமோதரன் குடியை விட்டு நாலு வருடம் ஆகிறது.

"தூணுல இன்ஜின் ஒரசின எண்ணெய்க் கறை கீது, மாமா. அளந்துட்டேன்," என்றாள் அனிதா. "தொங்கற எடத்துக்கு மேல எம்பது சென்டிமீட்டர். ஏத்திப் புடிச்ச ஒசரம் பூரா எறங்கசொல்ல வேகமா மாறும். நொடிக்கு நாலு மீட்டர். நூறு கிலோ இரும்பைத் தூக்கினு ஒருத்தன் ஓடியாந்து மோதற வேகம்."

மாணிக்கம் இளித்தான். "இன்னா பாப்பா, புஸ்தகக் கணக்கு நம்ம கரைக்கு ஒத்துவருமா?"

நைனாவை அறுப்பார்கள் என்ற நினைப்பில் அப்பாவின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். ஆனாலும் இவன் முகத்தைப் பார்க்கப் பார்க்க அருவருப்புதான் மேலே வந்தது.

"அறுக்கட்டும். குடிச்சாரான்னு தெரிஞ்சிடும். கணக்கு மேல நம்பிக்கை இல்லன்னா வா. இன்ஜின் அங்கியேதான் தொங்குது. அதே கறைக்கு நான் இழுத்துப் புடிக்கிறேன். நைனா இருந்த எடத்துல நீ குனிஞ்சி நில்லு. லேசாதானே தொடும்?"

பாடை கட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து மாணிக்கத்தைப் பார்த்தார்கள். அவன் வலைக்கூடத்தைப் பார்த்தான். இன்ஜின் அசையாமல் தொங்கியது. அவன் ஓரடி பின்னால் வைத்தான்.

சட்டைப்பையில் போன் அடித்தது. எடுக்கவில்லை.

ஜெயம்மா கட்டைவிரலை முந்தானையில் அழுந்தத் துடைத்தாள். பிறகு குனிந்து, புருஷனின் நெற்றியில் நழுவியிருந்த காசைச் சரியாக வைத்தாள்.