பனிமேல் பழுப்புக் கோடுகள்

எல்ராய் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிறான் என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் ஆர்லிஸ் சிரித்திருப்பாள். ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையைக் கழுவிக் காயப்போட்டு, அதற்குள்ளேயே மறுநாள் சாண்ட்விச்சை வைத்து எடுத்துப்போகிற ஆள் அவன். கல்யாணத்துக்கு வாங்கிய கோட்டைத்தான் இன்னமும் சாவுக்குப் போட்டுக்கொண்டு போகிறான். அப்படிப்பட்டவன் சில நாட்களாகக் கடையிலிருந்து பெரிய பெரிய தண்ணீர் கேன்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் மகள் வீட்டில் இறக்கிக்கொண்டிருந்தான்.

"தள்ளுபடி போட்டிருந்தான்," என்றான் கேட்டதற்கு.

"தண்ணிக்கா?"

"தண்ணிக்குத்தான். ரெனே மாசமா இருக்கா. பாவம், குனிஞ்சு நிமிர முடியல."

"குழாயைத் திறக்கறதுக்கு எதுக்குக் குனியணும்?"

மாடுகளைப் பார்க்கப் போகிறேன் என்று தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். முப்பத்தைந்து வருஷம் அவன் மனைவியாக வாழ்ந்தவளுக்கு இது போதாதா? பதில் இருக்கிறவன் உட்கார்ந்து வாதாடுவான். எல்ராய் மாடு பார்க்கப் போனால் எங்கோ இடிக்கிறது என்று அர்த்தம். வேறு பெண் தொடர்பாக இருக்குமோ என்றுகூட ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். தண்ணீர் கேனோடு போகிற கள்ளக் காதலனை நினைத்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சந்தேகம் போகவில்லை. பல்லில் சிக்கிய சோளத்தோல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

விஸ்கான்சினின் அந்த மூலையில் பால்பண்ணை வைத்திருக்கிற எல்லோருக்கும் ஒரே தலைவலிதான். மாடு பால் கறக்கிறதோ இல்லையோ, தவறாமல் சாணம் போடும். அதைக் கரைத்துக் குழியில் தேக்கி வைத்து, வயலுக்கு அடிக்க வேண்டும். அங்கே மண் முழ ஆழம்கூடக் கிடையாது. அதற்குக் கீழே வெடித்துக் கிடக்கிற சுண்ணாம்புப் பாறை. மேலே ஊற்றியது நேரே கிணற்றுக்குப் போய்விடும். அதனால் நிலத்தைப் பனி மூடியிருக்கும்போது சாணக்கரைசலை அடிக்கக் கூடாது என்று மாவட்டத்தில் விதி. வெள்ளிக்கிழமை மதுக்கடையில் மீன் வறுவலும் சீட்டுமாக உட்கார்ந்துகொண்டு அந்த விதியைத் திட்டாத ஆண்பிள்ளை ஊரில் கிடையாது. எல்ராயின் குரல்தான் அதில் உரக்கக் கேட்கும்.

ஆர்லிஸுக்கு ஒரு ரகசியம் இருந்தது. காலைக் காபியோடு மற்ற பெண்கள் குறுக்கெழுத்துப் போடுகிற நேரத்தில் அவள் மடிக்கணினியைத் திறந்துகொண்டு வானத்திலிருந்து ஊரைப் பார்ப்பாள். பல்கலைக்கழகத்தில் சிலர், செயற்கைக்கோள் எடுத்த படங்களைச் சின்னச் சின்னச் சதுரமாக நறுக்கி வலையில் போட்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் சேரலாம். ஒரே இடத்தின் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் வரும், கீழே தேதிகள் மட்டும் இருக்கும். ஊர் பேர் இருக்காது, யார் நிலம் என்றும் இருக்காது. முதல் படத்தில் இல்லாத பழுப்புக் கோடு இரண்டாவதில் பனிமேல் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உண்டு, இல்லை, தெரியவில்லை. மூன்று பொத்தான்கள். அழுத்தியதும் சதுரம் போய்விடும், அடுத்தது வரும். போனது திரும்பி வராது.

எல்ராயிடம் கேட்டால் படப்புதிர் விளையாடுகிறேன் என்பாள். சொன்னால் வீடு ரெண்டுபடும் என்று தெரியும். ஆனால் அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது, கெட்டிக்காரியாகவும் இருந்தாள். காற்று பனியை வழித்த மேடு எது, மாடு நடந்த தடம் எது, டேங்கர் பீய்ச்சிக்கொண்டே போய் வளைந்து திரும்பிய கோடு எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். உண்டு, உண்டு, இல்லை, உண்டு. யார் வீட்டுக் குடியைக் கெடுக்கிறோம் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. பேர் இல்லாத நிலத்துக்காக யார் கவலைப்படுவார்கள்?

அன்று காலை அவள் முன்னால் வந்த சதுரத்தில் ஒரு ஓடை, முழங்கை மாதிரி மடங்கியிருந்தது. மடங்கின இடத்துக்கு மேலே ஒரு கொட்டகை, நடுவில் ஒடிந்ததுபோல் வளைந்திருந்தது. அந்தக் கொட்டகைக்கு எல்ராய் இடப்பக்கத் துண்டைக் கட்டியபோது வேலையாட்களுக்கு அவள்தான் சமைத்துப் போட்டாள்.

காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். இடப்பக்கப் படம் சனிக்கிழமை எடுத்தது. நிலம் துவைத்து விரித்த வெள்ளை வேட்டியாகக் கிடந்தது. வலப்பக்கம் திங்கட்கிழமை. கொட்டகையிலிருந்து கிளம்பி, சரிவு முழுக்கப் போயும் வந்தும் போயும் வந்தும், பழுப்புக் கோடுகள். சரிவின் அடியில் இரண்டு கூரைகள். ஒன்று ரெனேயின் வீடு. இன்னொன்று ப்ரிபில் வீடு. கோடி ப்ரிபில் பால் வண்டி ஓட்டுகிறவன். அவன் மனைவி டெஸ்ஸாவுக்கு அக்டோபரில்தான் குழந்தை பிறந்தது. கிணற்றுத் தண்ணீரில் கரைத்த பவுடர் பால்தான் அதற்கு. இரண்டு வீட்டுக்கும் தனித்தனிக் கிணறு.

அந்தப் படம் எடுத்த பிறகு புதுப்பனி விழுந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. நடுவில் ஒருமுறை வெயில் அடித்து உருகவும் செய்தது. உருகின தண்ணீர் எங்கே போயிருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சாணத்திலிருந்து தண்ணீரில் இறங்குகிற நைட்ரேட் நஞ்சு பெரியவர்களை ஒன்றும் உடனே செய்துவிடாது. பச்சைக் குழந்தைக்கு உதடு நீலம் பாரிக்கும். காய்ச்சினாலும் போகாது.

அவள் விரல் "தெரியவில்லை"யை அழுத்தியது. சதுரம் மறைந்தது. யாரோ முன்பின் தெரியாதவனுடைய வயல் வந்து நின்றது. ஆர்லிஸுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. திரையைப் பட்டென்று மூடினாள்.

கோட்டை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். எல்ராய் தீவனம் வாங்கப் போயிருந்தான். டேங்கர் நவம்பரில் நிறுத்திய இடத்திலேயேதான் நின்றது. ஆனால் நவம்பரிலிருந்து நிற்கிற வண்டிக்கு இவ்வளவு அழகு கூடாது. பின்பக்கம் பளபளவென்று இருந்தது. வால்வுக்கு அடியில் பனிக்கட்டி தொங்கியது. ஈஸ்டர் வரைக்கும் சொந்தக் காரைக்கூடக் கழுவாதவன் உறைபனியில் டேங்கரைக் கழுவியிருக்கிறான்.

மத்தியானம் சாப்பாட்டில் உருளைக்கிழங்கை அவன் தட்டில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அன்னிக்கு ஞாயித்துக்கிழமை ஆட்டம் பாத்தியே, எங்கே பாத்தே?"

"எந்த ஞாயிறு?"

"பேக்கர்ஸ் ஆடினாங்களே. நான் ரெனேயோட குழந்தைக்குத் துணி எடுக்க க்ரீன் பே போயிருந்தேன்."

"மதுக்கடையிலதான். எல்லாரும் இருந்தாங்க."

"கடைசியில எப்படி ஜெயிச்சாங்க?"

எல்ராய் மென்றுகொண்டே இருந்தான். ஊரே உயிரை விடுகிற அந்த ஃபுட்பால் அணியைப் பற்றிக் கேட்டால் சாதாரணமாக உப்பு டப்பாவையும் மிளகு டப்பாவையும் மேஜைமேல் நகர்த்தி யார் எங்கே ஓடினான் என்று சாப்பாடு ஆறிப்போகும்வரை காட்டுவான்.

"கடைசியில கொஞ்சம் கண்ணசந்துட்டேன்," என்றான்.

பேக்கர்ஸ் ஆடும்போது எல்ராய் கண்ணசந்தானாம். ரெனே பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு நின்றவன். ஆர்லிஸுக்கு அதற்குமேல் எந்தச் சாட்சியும் தேவைப்படவில்லை.

"அன்னிக்கு ஊர்ல ஒரு ஈ காக்கா ரோட்டுல இருந்திருக்காது இல்ல?" என்றாள். "எல்லாக் கண்ணும் டிவியில. நல்ல நேரம்தான் பாத்து வெச்சிருக்கே."

கரண்டி நின்றது. "யார் சொன்னா?"

"அப்ப உண்மைதான்."

"யார் சொன்னான்னு கேட்டேன். கோடியா? பால் எடுக்க வரப்பல்லாம் கழுத்த நீட்டி நீட்டிப் பாக்கறான்னு எனக்கு அப்பவே ஒரு இது."

"கோடி மேல போடாதே. மேலேந்து பாத்தாங்க."

"மேலேந்துன்னா? விமானமா?"

"செயற்கைக்கோள். தினம் ஒருதடவ நம்ம தலைக்கு மேல போகுது."

எல்ராய் கூரையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "ஆட்டம் நடக்கறப்பவுமா?"

"அதுக்கு ஃபுட்பால் புடிக்காதாம்."

வேறு நாளாக இருந்தால் அவனும் சிரித்திருப்பான். இப்போது அவன் முகம் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. "உனக்கெப்படித் தெரியும்?" என்றான் மெதுவாக. "அந்தப் படப்புதிர். தினம் காலையில. அதா?"

அவள் தலையசைத்தாள்.

"அடிப்பாவி. எங்கூடச் சாப்பிட்டு, எங்கூடப் படுத்து, யுனிவர்சிட்டிக்காரனுக்கு ஊரையே காட்டிக் குடுத்திருக்கே. பக்கத்துப் பண்ணை லாம்பெர்ட்ட விசாரிக்க மாவட்டத்துலேந்து ஆள் வந்தானே, அதும் உன் கைங்கரியமா?"

"தெரியாது. பேரு இருக்காது."

"பேரு இல்லேன்னா யார் கழுத்த வேணா அறுக்கலாம், அப்படித்தானே?"

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அவன் சொன்னதில் தப்பில்லை. அதற்காக அவன் செய்தது சரியாகிவிடுமா?

"எதுக்குப் பண்ணினே, எல்ராய்?"

"குழி நெறஞ்சு சுவரு விரிசல் விட்டுருச்சு. ஒடைஞ்சா மொத்தமும் ஓடையில போகும். பண்ணையையே மூடிருவான். கொஞ்சம் எறக்கினாப் போதும்னு நெனச்சேன்." குரல் இறங்கியது. "புள்ளைய விட்டுடுவேனா? மறுநாளே தண்ணி கொண்டுபோய்க் குடுத்தேன். ஒருவாய் கெணத்துத் தண்ணி குடிக்க விடல ரெனேய."

தன் மகளைக் காப்பாற்றிவிட்டேன் என்று அவன் முகத்தில் ஒரு திருப்திகூடத் தெரிந்தது. அதைப் பார்த்ததும் ஆர்லிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"டெஸ்ஸாவுக்கு எத்தன கேன் குடுத்தே?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எல்ராய்."

"அவங்க கெணறு ஆழம்."

"யார் சொன்னா?"

"கோடியோட அப்பன் ஒருதடவ சொன்னாப்ல ஞாபகம். எப்படிக் குடுக்கறது, ஆர்லிஸ்? எதுக்குன்னு கேட்டா?" என்றான்.

மேஜையிலிருந்த கொதிக்கிற காபியை அவன் மேல் கொட்டலாமா என்று இருந்தது அவளுக்கு. இந்த மனுஷன் முழுசாகத் தெரிந்துதான் செய்திருக்கிறான். தெரியாமல் செய்தவனாக இருந்திருந்தால் இரண்டு வீட்டையும் விட்டிருப்பான். ஒரு வீட்டுக்கு மட்டும் கேன் போயிருக்கிறது. அவளும்தான் என்ன கிழித்தாள்? காலையில் படத்தைப் பார்த்துவிட்டுத் தெரியவில்லை என்று அழுத்தியவள்தானே? அந்தச் சதுரம் போய்விட்டது. இனி வாயால்தான் சொல்ல வேண்டும்.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

எல்ராய் எழுந்து கோட்டை எடுத்தான். "நானே போய்ச் சொல்றேன். நீ இரு."

வண்டி உறுமுவது கேட்டது. ஆர்லிஸ் பாத்திரத்தைத் தொட்டியில் போட்டாள். போகத்தான் போகிறான், கோழையில்லை அவன் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். உடனே, கடைசியில் கொஞ்சம் கண்ணசந்துட்டேன் என்று கிழங்கை மென்றுகொண்டே சொன்ன முகம் நினைவுக்கு வந்தது. பூட்ஸைக் கட்டக்கூட நிற்கவில்லை. ஓடிப்போய்க் கதவைத் திறந்து பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கு?"

"நீ சொல்றியான்னு பாக்கறதுக்கு."

அவன் வண்டியை எடுத்தான். முப்பத்தைந்து வருஷத்தில் அவள் அவனுக்குக் காவலாகப் போனது அதுதான் முதல்தடவை. இரண்டு பேருக்கும் அது தெரிந்திருந்தது. சரிவு முடியும்வரை இரண்டு பேரும் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டெஸ்ஸா கதவைத் திறந்தாள். குழந்தை இடது கை வளைவில் படுத்துப் பால் குடித்துக்கொண்டிருந்தது. "வாங்க வாங்க. என்ன ஜோடியா வந்திருக்கீங்க? பூட்ஸெல்லாம் கழட்ட வேணாம், வீடே குப்பையாத்தான் கெடக்கு. காபி போடறேன்."

"காபி வேணாம்மா," என்றான் எல்ராய். தொண்டையைச் செருமினான். "குளிர் ஜாஸ்திதான் இன்னிக்கு."

"ஆமா, கோடிகூடச் சொன்னாரு."

"ராத்திரிக்குள்ள இன்னும் கொட்டும் போல." அவன் பார்வை கதவுக்குப் போனது. ஆர்லிஸ் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். நகரவில்லை.

எல்ராய் தொப்பியைக் கழற்றினான். "டெஸ்ஸா," என்றான், "அன்னிக்கு ஆட்டத்தன்னிக்கு நான் மேல வயல்ல சாணக்கரைசல் அடிச்சேன். பனிமேல. உங்க கெணத்துல எறங்கியிருக்கும்."

டெஸ்ஸாவின் முகத்தில் இன்னமும் பாதிச் சிரிப்பு இருந்தது. அவள் எல்ராயைப் பார்த்தாள், ஆர்லிஸைப் பார்த்தாள். குனிந்து, குழந்தையின் வாயிலிருந்து புட்டியை மெதுவாக உருவினாள். குழந்தை வெறும் வாயை இரண்டுதடவை சப்பிப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தது. டெஸ்ஸா அதைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், அதன் உதட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.