இறங்காதவர்களின் வீடு

ட்ரூடி சாய்த்த பால் கிண்ணத்தில் விழவில்லை. பக்கத்தில் மேசைமேல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தபடியேதான் ஊற்றினாள்.

"எங்கடி ஊத்துற?" என்றாள் அவள் அம்மா மார்னி.

"தூக்கக் கலக்கம்மா."

மார்னி மகளின் தாடையைப் பிடித்து முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பினாள். ஒரு காது கன்றிப்போயிருந்தது. "நேத்து தண்ணியில அடி வாங்கினியா?"

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அவள் அப்பா வெர்ன் குரல் கொடுத்தான். "அடி வாங்காம எவ டைவ் கத்துக்கிட்டா? விழுந்தா உடனே திரும்ப ஏறிடணும். பயத்தை உடம்புல தங்க விடக்கூடாது. நம்ம வீட்டுல மேடை ஏறுனவங்க யாரும் குதிக்காம படி வழியா இறங்குனது கிடையாது."

"இன்னிக்கு ஒரு நாள் போகாத ட்ரூடி."

"சனிக்கிழமை மண்டலப் போட்டிம்மா. போகலேன்னா பயந்துட்டேன்னு சொல்வாங்க." மேசையைத் துடைத்த துணியை அம்மாவின் தோளில் போட்டுவிட்டுச் சிரித்தாள். அப்பாவின் காரில் ஏறிப் போனாள்.

எட்டு வயதில் நகராட்சி நீச்சல்குளத்துப் பலகையிலிருந்து குதிக்கத் தொடங்கியவள். பள்ளியில் படித்தபோதே மாநிலத்தில் முதலிடம். உள்ளூர்க் கல்லூரி உதவித்தொகை கொடுத்து எடுத்துக்கொண்டது. வெர்னும் ஒரு காலத்தில் அதே கல்லூரிக்காகக் குதித்தவன்தான். சேர்ந்த நாள் முதல் மண்டலப் பட்டம் அவளை விட்டுப் போகவில்லை. கூடைப்பந்தைத் தவிர வேறெதையும் விளையாட்டாக மதிக்காத இந்தியானாவின் அந்தச் சிற்றூரில், முடிதிருத்தும் கடையில்கூட அவள் படம் தொங்கியது.

அன்று மதியம் பத்து மீட்டர் மேடையிலிருந்து விழுந்தவளைத் தண்ணீரிலிருந்து தூக்கித்தான் எடுத்தார்கள். முந்தின நாள் பட்ட அடியே தலைக்குள் ஆறவில்லை, அதன்மேல் இன்னொன்று என்றார் மருத்துவர்.

துக்கம் கேட்க வந்தவர்கள் வேகவைத்த பன்றியிறைச்சியும் பாலாடைக்கட்டி போட்ட உருளைக்கிழங்கும் கொண்டுவந்தார்கள். பயிற்சியாளர் ஹால்ஸ்ட்ரம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "அவளாத்தான் ஏறினா" என்றார். அணித் தலைவியும் "அவளாத்தான் ஏறினா" என்றாள். அங்கே இல்லவே இல்லாத பாதிரியாரும் அதையே சொன்னார்.

இத்தனை வாயிலும் ஒரே வார்த்தை எப்படி வந்தது? மார்னிக்கு உறுத்தியது. ஒவ்வொரு முறை அதைக் கேட்கும்போதும் வெர்ன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டதும் உறுத்தியது. அவன் கடை ஊருக்கு அந்தக் கோடியில். ஆனால் அன்று மருத்துவமனைக்கு மார்னிக்கு முன்பே வந்துவிட்டிருந்தான்.

"அவளை கேட்ல விட்டுட்டு நீ நேரா கடைக்குத்தானே போன?"

"எத்தனை தடவதான் கேப்ப? தோண்டாத மார்னி."

ஒரு நாள் ட்ரூடியின் அணித்தோழி டாரா வந்தாள். குதித்து ஏறியதும் முகம் துடைக்கும் ட்ரூடியின் சின்னத் துண்டு அவள் கையில் இருந்தது. வாசற்படி தாண்டி வரவில்லை.

"நீயும் அவளாத்தான் ஏறினான்னு சொல்ல வந்தியா?"

"ஏறினது அவதான் மிஸஸ் லிண்ட். ஆனா இறங்கவும் பாத்தா." டாரா துண்டை மார்னியின் கையில் வைத்தாள். "தல சுத்துதுன்னு கத்திட்டு பாதி தூரம் இறங்கிட்டா. அப்ப கைதட்டினோம். யாராவது தயங்கினா தட்டுறதுதான் எங்க வழக்கம். குதிக்கிற வரைக்கும் நிறுத்த மாட்டோம். அன்பாத்தான் தட்டுவோம், சத்தியமா."

"ஹால்ஸ்ட்ரம்?"

"தடுக்கல."

"மொதல்ல தட்டினது யாரு?"

டாரா மார்னியின் தோளுக்குப் பின்னால், கூடத்து ஆணியில் தொங்கிய வெர்னின் நீலக் கோட்டைப் பார்த்தாள்.

"பார்வையாளர் வரிசையில இருந்து," என்றாள் கடைசியில். "அவர் தட்டினதும் அவ திரும்ப மேல ஏறிட்டா."

இலையுதிர்காலத்தில் கல்லூரி நீச்சல்குளத்துச் சுவரில் ட்ரூடியின் பெயர்ப்பலகையைத் திறந்தார்கள். நீலக் கோட்டுடன் வெர்ன் முதல் வரிசையில் இருந்தான். ஹால்ஸ்ட்ரம் துணிச்சலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது மார்னி எழுந்தாள். பத்து மீட்டர் மேடையின் படிகளில் ஏறத் தொடங்கினாள். தாய் அஞ்சலி செய்யப்போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள், ஒரே தாளத்தில். கூரை அதிர்ந்தது.

விளிம்புக்குப் போனாள். கீழே தண்ணீர் கருத்துக் கிடந்தது. கைதட்டல் முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல இருந்தது. இதைக் கேட்டுக்கொண்டுதானே நின்றிருப்பாள் குழந்தை.

மார்னி திரும்பினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவசரப்படாமல், படிப்படியாக இறங்கினாள். கைதட்டல் பிசிறியது, இங்கொன்றும் அங்கொன்றுமாகிப் பின் நின்றது. வெர்ன் மட்டும் தொடக்கத்திலிருந்தே தட்டவில்லை. இரு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தான்.

அவன் முன்னால் வந்து நின்றாள்.

"பாத்துக்க வெர்ன். நம்ம வீட்டுலயும் ஒருத்தி இறங்கிட்டா."

காத்திராமல் வெளியே நடந்தாள்.

மறுவாரம் பயிற்சி தொடங்கியது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் பத்து மீட்டர் விளிம்பில் தயங்கி நின்றாள். கீழே, ட்ரூடியின் பெயர்ப்பலகையை ஒட்டி நின்றவர்கள் கைதட்டத் தொடங்கினார்கள்.